கமலா சோஹோனி: குலையாத புரதமும் குலைக்க வேண்டிய புரதமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

உயிர்வேதியியலாளர் கமலா சோஹோனியைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை 1933ஆம் ஆண்டில் தொடங்கி, அந்த ஆண்டைத் தாண்டாமலே முடிந்துவிடுகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சி.வி.ராமன், பெண் என்பதற்காக அவருக்கு இடம் தர மறுத்ததும், அவர் விடாப்பிடியாக நின்று உள்ளே நுழைந்ததும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட வேண்டியவையே. ஆனால் உள்ளே நுழைந்தவர் அங்கே என்ன செய்தார், அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் பயறுகளிலும் பாலிலும் எதைத் தேடினார், அந்தத் தேடலின் பயன் இன்று நம் தட்டுவரை எப்படி வந்து சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

பெங்களூரில் நான் கற்பிக்கும் உயிர்வேதியியல் முதுகலை வகுப்புக்காக இந்த ஆய்வைத் தயாரித்தேன். வகுப்பில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வரும் மாணவர்களும், அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு புரதம் எந்தச் சூழலில் குலையாமல், அதாவது தன் இயல்பான வடிவமும் நிலையும் கெடாமல், நிற்க வேண்டும், எந்தச் சூழலில் அது குலைந்தே தீர வேண்டும் என்ற இரட்டைக் கேள்விதான் சோஹோனியின் ஆய்வுகளை ஒன்றாகக் கட்டுகிறது என்பது என் வாசிப்பு. வேறு இழை பிடித்தும் அவருடைய பணியைப் படிக்கலாம். உணவுப் புரதம் படிப்பவருக்கு இந்த இழையே அதிகம் உதவும்.

பெங்களூரு, 1933 முதல் 1936 வரை

கமலா பகவத் (திருமணத்துக்கு முன் அவர் பெயர் இது) 1911இல் பிறந்தார். தந்தை, தந்தையின் உடன்பிறந்தவர் இருவருமே பெங்களூரு அறிவியல் நிறுவனத்தில் படித்த வேதியியலாளர்கள். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டத்தில் முதலிடம் பெற்றதும், அந்த நிறுவனத்துக்கே அவர் விண்ணப்பித்தது இயல்பான அடுத்த படி. அங்கே கதவு மூடப்பட்டது. அவர் இயக்குநரின் அலுவலகத்துக்கே போய்க் காரணம் கேட்டார். கடைசியில் மூன்று நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது: முதல் ஓராண்டு அவர் முறையான மாணவராகக் கருதப்படமாட்டார், வழிகாட்டி சொன்னால் இரவு எந்நேரமானாலும் வேலை செய்ய வேண்டும், ஆண் மாணவர்களின் கவனம் சிதற அவர் காரணமாகக் கூடாது. ராமன் நம்மவர் என்பதற்காக இதை மென்மையாக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நடத்தை தன்னை ஆழமாகப் புண்படுத்தியதை சோஹோனியும் முதுமையில் வெளிப்படையாகவே பேசினார். ஓராண்டு கழித்து அவருடைய வேலையைக் கண்ட ராமன் மனநிறைவு அடைந்தார். பெண்களுக்கு அங்கே இடம் கிடைக்கத் தொடங்கியது. பின்னாளில் வானிலை அறிவியலாளரான அன்னா மாணி போன்றோர் ராமனின் சொந்த ஆய்வகத்திலேயே வேலை செய்தார்கள்.

அவருடைய வழிகாட்டி எம்.ஸ்ரீனிவாசய்யா. அவரிடம் பால், பருப்பு, பயறு ஆகியவற்றின் புரதங்களைப் பிரித்தெடுத்து ஆராயும் பணி கமலாவுக்குக் கிடைத்தது. இருவரும் சேர்ந்து 1935இல் பயறுகளிலுள்ள புரதமல்லாத நைட்ரஜனைப் பற்றி எழுதிய கட்டுரை, பிரிட்டனின் பயோகெமிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. தலைப்பு வறட்சியாகத் தோன்றினாலும், உணவுப் புரதத் துறை முழுவதையும் அன்றும் இன்றும் தொல்லைப்படுத்தும் ஒரு சிக்கல் அதற்குள் இருக்கிறது.

உணவில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அறிய, 1883இல் யோஹான் கெல்டால் வகுத்த முறையை உலகம் இன்றும் பரவலாகப் பின்பற்றுகிறது. மாதிரியைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டுச் சிதைத்து, அதிலுள்ள மொத்த நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்குவார்கள். புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் என்ற எடுகோளிலிருந்து வந்த எண் அது. ஆனால் விதையில் தனித்த அமினோ அமிலங்கள், அமைடுகள், நியூக்ளிக் அமிலத்தின் கூறுகள் என்று புரதமே அல்லாத நைட்ரஜனும் உண்டு. அதைக் கழிக்காவிட்டால் பயறில் இல்லாத புரதத்தை இருப்பதாகக் கணக்கெழுதிவிடுவோம். 2008இல் சீனாவில் நீர் கலந்த பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைனைச் சேர்த்துப் புரத அளவை உயர்த்திக் காட்டிய கொடுமை நடந்தது; பச்சிளங் குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அந்த மோசடி நுழைந்த இடைவெளியும் இதுவே. நைட்ரஜன் வேறு, புரதம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் கண் இருபத்து நான்கு வயதுக்குள் கமலாவுக்கு வாய்த்துவிட்டது. அவருடைய பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் அந்தக் கண்ணின் வேலையை நான் பார்க்கிறேன்: இருக்கும் புரதம் உடலுக்குப் போய்ச் சேருகிறதா என்பது, அதே சந்தேகத்தின் அடுத்த கட்டம்.

கேம்பிரிட்ஜும் குன்னூரும்

1936இல் முதுகலை முடித்து, உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே டெரெக் ரிக்டரின் ஆய்வகத்திலும் பிறகு ராபின் ஹில்லுடனும் பணியாற்றி, உருளைக்கிழங்குத் திசுவில் சைட்டோகுரோம் சி இருப்பதைக் கண்டார். விலங்குச் செல்களின் மூச்சில் பங்கேற்கும் ஒரு புரதம் தாவரச் செல்களிலும் அதே வேலையைச் செய்கிறது என்பது முக்கியமான முடிவு. ஏறத்தாழ நாற்பது பக்கமே கொண்ட ஆய்வேட்டுக்கு 1939இல் முனைவர் பட்டம் கிடைத்தது. உணவுப் புரதத்திலிருந்து இது ஒரு விலகல் போலத் தோன்றலாம். ஆனால் அந்த உயிர்வேதியியல் துறையை நடத்தியவர் ஃபிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் என்பதை மறக்கக் கூடாது. மக்காச்சோளப் புரதமான ஸெயினை மட்டும் கொடுத்தால் சுண்டெலிகள் தேறுவதில்லை, அதில் இல்லாத ட்ரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தால் கூடுதல் நாள் பிழைக்கின்றன என்று 1906இலேயே காட்டியவர் அவர். புரதத்தின் அளவோடு அதன் தரத்தையும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கட்டடத்தில் ஊறிப்போயிருந்தது.

நாடு திரும்பியதும் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சில காலம் பணியாற்றினார். பிறகு குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் உதவி இயக்குநரானார். இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூரில் அவர் செய்தது பெரும்பாலும் வைட்டமின் ஆய்வு. 1947இல் எம்.வி.சோஹோனியை மணந்து பம்பாய்க்குக் குடியேறியபோதுதான் பயறு மறுபடி அவர் மேசைக்கு வந்தது.

பம்பாய்: பயறுக்குள் ஒளிந்திருந்த தடுப்பான்

பம்பாய் ராயல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸில் அப்போது உயிர்வேதியியல் துறை புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே அவர் பேராசிரியரானார். இந்த ஆய்வின் உயிர்நாடியான பகுதி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வேகவைத்த சோயா மொச்சையைத் தின்ற எலிகள் வளர்கின்றன, பச்சையாகத் தின்றவை தேங்கிப்போகின்றன என்று ஆஸ்போர்னும் மெண்டலும் 1917இல் கண்டார்கள். இரண்டு தீனியிலும் அமினோ அமிலங்கள் ஒன்றே. வேறுபாடு வெப்பம் மட்டும். காரணம் தெளிவாகப் பல ஆண்டுகள் ஆயின. 1945இல் மோசஸ் குனிட்ஸ் சோயாவிலிருந்து ட்ரிப்சின் தடுப்பான் ஒன்றைப் படிக வடிவில் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டு டொனால்ட் பௌமன் வேறொரு தடுப்பானை இனங்காட்டினார். யெஹூதித் பிர்க் 1960களின் தொடக்கத்தில் அதைத் தூய்மைப்படுத்தியதால், அது இருவர் பெயராலும் பௌமன்–பிர்க் தடுப்பான் என்று அழைக்கப்படுகிறது.

ட்ரிப்சின் என்பது கணையம் சுரக்கும் நொதி. சிறுகுடலில் புரதத்தை வெட்டுவது அதன் வேலை. தடுப்பானும் ஒரு புரதம்தான். அது ட்ரிப்சினின் வெட்டும் இடத்திலேயே போய் இறுக உட்கார்ந்துகொள்கிறது. வெட்ட வந்த நொதி முடங்குகிறது. நொதி போதவில்லை என்ற செய்தி கணையத்துக்குப் போக, அது மேலும் மேலும் சுரக்கிறது. எலிகளில் கணையமே பருத்துவிடுகிறது. சுரந்த நொதியும் வீணாகக் கழிவோடு போகிறது. அந்த நொதிகளில் கந்தகமுள்ள சிஸ்டீன் மிகுதி. பயறுகளிலோ கந்தக அமினோ அமிலங்கள் முதலிலிருந்தே குறைவு. ஏற்கெனவே பற்றாக்குறையாக உள்ள ஒன்றே இவ்வழியில் மேலும் இழக்கப்படுகிறது.

சோயாவில் மேலை நாடுகள் கண்ட இந்தச் சிக்கலை, இந்தியர் அன்றாடம் உண்ணும் பயறுகளிலும் காய்களிலும் முறையாகத் தேடியவர் சோஹோனி. இந்திய உணவுப்பொருள்களில் ட்ரிப்சின் தடுப்பான்கள் என்ற வரிசையின் முதல் கட்டுரை 1954இல் வந்தது. 1956இல் அவரும் அவருடைய குழுவினரும் மொச்சையின் தடுப்பானைப் பிரித்து அதன் இயல்புகளை வெளியிட்டார்கள். 1960களின் நடுவில், மொச்சையில் இரத்தச் சிவப்பணுக்களை ஒட்டித் திரளச் செய்யும் புரதத்தைப் பிரித்தெடுத்து, அதை உணவில் சேர்த்தால் எலிகளின் வளர்ச்சி எப்படிக் குன்றுகிறது என்றும் காட்டினார்கள். ஏழை வீட்டுத் தட்டில் இறைச்சியின் இடத்தை நிரப்புவது பயறு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பயறு தன் புரதத்தைத் தானே எப்படித் தடுத்து வைத்திருக்கிறது என்று ஒரு பெண் தன் மாணவர்களுடன் அமர்ந்து அளந்திருக்கிறார். இந்திய ஊட்டச்சத்து அறிவியலுக்கு இதைவிட நெருக்கமான கேள்வி அப்போது இருந்திருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

இதை மாணவர்களுக்குப் புரியவைக்க எங்கள் ஆய்வகத்தில் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறோம். ட்ரிப்சின் வெட்டினால் மஞ்சள் நிறம் விடுகிற செயற்கைப் பொருள் ஒன்று உண்டு. அதைக் குழாய்களில் எடுத்து, முதல் குழாயில் பச்சை மொச்சை மாவின் சாற்றையும், இரண்டாவதில் அதே சாற்றைச் சில நிமிடம் கொதிநீரில் வைத்தெடுத்ததையும், மூன்றாவதில் இரவெல்லாம் ஊறிக் குக்கரில் வெந்த மொச்சையின் சாற்றையும் சேர்த்து, பிறகு ட்ரிப்சினை விடுகிறோம். முதல் குழாய் நிறமின்றி நிற்கும். மூன்றாவது மஞ்சளாகும். இரண்டாவது குழாயும் நன்கு மஞ்சளாகும் என்றே மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். அதுவோ வெளிறியே நிற்கும். கொதிக்க வைத்தும் புரதம் குலையவில்லையா என்ற கேள்வி அப்போதுதான் வகுப்பில் எழுகிறது.

விடை அந்தப் புரதத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. மொச்சையின் முக்கியத் தடுப்பான் பௌமன்–பிர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. சோயாவில் உள்ள அதன் உறவினரைப் பார்த்தால், மொத்தம் 71 அமினோ அமிலங்களே கொண்ட சிறு சங்கிலியில், மடிப்பை இறுக்கிப் பிடிக்கும் ஏழு கந்தகப் பிணைப்புகள் இருக்கின்றன. குனிட்ஸ் தடுப்பானில் 181 அமினோ அமிலங்களுக்கு அத்தகைய பிணைப்பு இரண்டுதான். எனவே குனிட்ஸ் வகை வெப்பத்தில் எளிதில் அவிழ்ந்துவிடுகிறது; மற்றது அவிழ்ந்தாலும் பழைய வடிவுக்கே மீள்கிறது. அமிலச் சூழலில் அதன் பிடி இன்னும் உறுதி. காரம் சேர்ந்தாலோ கந்தகப் பிணைப்புகள் விரைவில் அறுபடுகின்றன. உலர்ந்த விதையை வெறுமனே வறுப்பதைக் காட்டிலும், நீரில் ஊறிய விதையை நீராவி அழுத்தத்தில் வேகவைப்பது தடுப்பானை நன்றாக அழிக்கிறது. புரதம் அவிழ்வதற்கு நீரும் வேண்டும் என்பதே இதன் காரணம்.

இங்கே ஊரின் உயரமும் கணக்கில் வரும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. 1,850 மீட்டர் உயரக் குன்னூரில் 94 பாகை. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. குக்கரில் 115 பாகையைத் தாண்டும்.

ஓசூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி இந்தச் சோதனைக்குப் பிறகு வீட்டில் தன் தாயிடம் கேட்டுவந்து சொன்னாள்: “மேடம், பிதுக்கம்பருப்புக் குழம்புக்குப் பருப்பு வெந்த பிறகுதான் புளி ஊத்தணும்னு அம்மா சொல்றாங்க. முதல்லயே ஊத்தினா எவ்வளவு நேரம் ஆனாலும் வேகாதாம்.” பெங்களூரின் மார்கழி, தை மாதங்களில் மொச்சைக்காய் குவியாத சந்தை இல்லை. அல்சூர்த் தமிழ் வீடுகளிலும் மல்லேஸ்வரத்துக் கன்னட வீடுகளிலும் அதை உரித்து, ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை நீக்குகிறார்கள். அந்தத் தாய் சொன்னது சரியே. புளியின் அமிலத்தில், விதையின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரையாமல் இறுகி நிற்பதால் பருப்பு வேகாது. கூடவே, அந்தத் தடுப்பானும் அமிலத்தில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஊறவைத்த நீரைக் கொட்டும்போது கரைந்த தடுப்பானில் ஒரு பகுதியும் வெளியேறும். வெந்த பிறகு புளி என்ற வரிசையை அடுப்படி தன் காரணத்துக்காகக் கண்டுபிடித்தது. ஆனால் சோஹோனியின் துறை அதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்திருக்கிறது.

திரளச் செய்யும் புரதத்தின் கதை சற்று வேறு. ராஜ்மாவில் அது மிகுதி. கொதிநிலையில் பத்து நிமிடத்திலேயே குலைந்துவிடும் என்றாலும், 80 பாகைக்குக் கீழே மெதுவாகச் சூடேறும் மின்பானைகளில் குலையாமல் தங்கி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்குவது மருத்துவர்கள் அறிந்ததே. மெதுவாகச் சமைக்கும் பானை வாங்குவோர் ராஜ்மாவை முதலில் தனியே கொதிக்கவிட்டுச் சேர்க்க வேண்டும்.

ஆரே பாலும் நீராவும்

பயறில் புரதத்தைக் குலைக்கும் வழி தேடியவரிடம், பாலில் அதைக் குலையாமல் காக்கும் வழியைக் கேட்டு வந்தது பம்பாயின் ஆரே பால் திட்டம். அங்கே பால் திரிந்துபோவதைத் தடுக்கும் வழிமுறையை அவர் வகுத்துக் கொடுத்தார்.

பாலின் முதன்மைப் புரதமான கேசீன், கால்சியம் பாஸ்பேட்டுடன் சேர்ந்து நுண்ணிய திரளைகளாக மிதக்கிறது. திரளைகளின் மேற்புறத்தில் கப்பா கேசீன் என்ற வகை நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைக்கிறது. புதுப் பாலின் அமிலக் குறியீடு (pH) 6.6 அளவில் இருக்கும். நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸைப் புளிக்கவைத்து அது 4.6க்கு இறங்கினால், கேசீனின் மின்சுமை சமமாகிப் பால் தானாகவே உறைந்துவிடும். அவ்வளவு இறங்காமல் கொஞ்சம் புளித்திருந்தாலும் காய்ச்சும்போது திரிந்துபோகும். ஆரேயில் கையாண்டது பெரும்பாலும் எருமைப் பால். பசும்பாலைவிட அதில் கேசீனும் கால்சியமும் கூடுதல் என்பதால் உப்புகளின் சமநிலை சிறிது பிசகினாலும் வெப்பத்தில் தாங்காது. கறவை நேரம், குளிரூட்டும் வேகம், பாத்திரத் தூய்மை, உப்புச் சமநிலை எல்லாம் ஒருங்கே சரியாக அமைந்தால்தான் ஒரு மாநகரத்துக்குக் காலையில் பால் திரியாமல் போய்ச் சேரும். இதை ஒரு சிறு ஆலோசனைப் பணியாகக் கருதி வாழ்க்கைக் குறிப்புகள் கடந்துபோகின்றன. பத்திரிகைக் கட்டுரைக்கு நிகரான அறிவியல் வேலை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

நீரா ஆய்வு புரதம் சார்ந்ததல்ல என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் யோசனையின் பேரில், நீரா எனப்படும் புளிக்காத பனஞ்சாற்றிலும் அதிலிருந்து காய்ச்சிய வெல்லத்திலும் வைட்டமின்களும் இரும்புச்சத்தும் உள்ளதை அவர் குழு ஆராய்ந்து, ஊட்டம் குன்றிய பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது பயன்படுவதைக் காட்டியது. இதற்குக் குடியரசுத் தலைவர் விருது கிடைத்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கும் நம் ஊர்களுக்கு இந்த ஆய்வு அந்நியமானதல்ல.

பம்பாய் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநர் பதவி 1965இல்தான் அவருக்கு வந்தது, அதுவும் தகுதியிருந்தும் சில ஆண்டுகள் காத்திருந்த பிறகு. 1969 வரை அதை வகித்தார். ஓய்வுக்குப் பின் பம்பாயில் நுகர்வோர் அமைப்பில் சேர்ந்து, உணவுக் கலப்படத்தை வீட்டிலேயே கண்டறிவது பற்றி எளிய மொழியில் எழுதினார். 1998இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டெல்லியில் அவரைப் பாராட்ட நடத்திய விழாவின்போது மயங்கி விழுந்து, விரைவில் காலமானார்.

வகுப்பில் விவாதத்துக்கு

இன்று பெங்களூரில் பட்டாணி, கடலை, பச்சைப்பயறு ஆகியவற்றிலிருந்து எடுத்த புரதப் பொடிகள் உடற்பயிற்சிக் கூடத்திலும் மருந்துக்கடையிலும் கிடைக்கின்றன. பயறு மாவைக் காரநீரில் கரைத்து, பிறகு அமிலம் விட்டு, அமிலக் குறியீடு 4.5 அளவில் புரதத்தைப் படியவைத்து, பெரும்பாலும் தெளிப்பு முறையில் உலர்த்துகிறார்கள். படிவது பெரும்பாலும் குளோபுலின் என்ற விதைப் புரதம். தடுப்பான்களில் பெரும்பகுதி நீரோடு போய்விடும் என்றாலும், எவ்வளவு தங்குகிறது என்பது காரத்தின் வலிமை, கழுவும் தடவை, உலர்த்தும் வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் புரத விழுக்காடோ அதே 6.25ஆல் பெருக்கிய எண்.

எனவே மாணவர்கள் இந்த ஆய்வோடு மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். ஒரு பயறுப் பொடியை எடுத்து அதன் மொத்த நைட்ரஜனையும் புரதமல்லாத நைட்ரஜனையும் தனித்தனியே அளக்க வேண்டும். அதே பொடியின் சாற்றில் ட்ரிப்சின் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அதைப் பாலில் கலந்து காய்ச்சி, எந்த அமிலக் குறியீட்டில் திரிகிறது என்று குறிக்க வேண்டும். மூன்று எண்களும் கையில் வந்த பிறகு, அந்தப் பொடியை மதிய உணவுத் திட்டப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கொடுப்பதானால் எப்படிச் சமைத்துக் கொடுப்பது என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும்.